ஃபெலீஸ், கொன்தென்தோ, அலேக்ரே: ஸ்பானிஷில் மகிழ்ச்சிக்கு எந்தச் சொல்?

மொரீஷியஸில் வளர்ந்தவர்களுக்கு ஸ்பானிஷ் பாதி தெரிந்த மொழி மாதிரி. வீட்டிலும் தெருவிலும் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று பழகிய கண்ணுக்கு, ஒரு ஸ்பானிஷ் பக்கத்தைப் பார்த்ததுமே என்ன விஷயம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக், பெல் மார் பக்கத்து ஹோட்டல்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், ஸ்பெயினிலிருந்து தேனிலவுக்கு வரும் தம்பதிகளோடு பேசிப் பேசியே நாலு வாக்கியம் கற்றுக்கொள்வதும் உண்டு. சாப்பாடு, அறை, டாக்ஸி வரை தடையில்லாமல் போகும். 'எனக்கு ரொம்ப சந்தோஷம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

அந்த இடத்தில் பிரெஞ்சு நம்மை முந்திக்கொண்டு பேசிவிடும். 'ழ சுவி கொன்தான்' என்று பள்ளியில் படித்திருக்கிறோம் அல்லவா? அதே அச்சில் 'சோய் கொன்தென்தோ' என்று வாயில் வந்துவிடும். எதிரில் இருப்பவருக்குப் புரியும், ஆனால் காதில் இடறும். அவர்கள் சொல்வது 'எஸ்தோய் கொன்தென்தோ'. ஏன் அப்படி என்று கேட்டால், பிரெஞ்சைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுத் தமிழைக் கையில் எடுப்பதுதான் சுலபமான வழி என்பேன். மகிழ்ச்சியைச் சொல்லும் விதத்தில் ஸ்பானிஷும் தமிழும் பல இடங்களில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன.

முதலில் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'கொன்தென்தோ' என்பதில் வரும் தகரத்தைப் 'பந்து' போல மெலிதாகச் சொல்லாமல் 'பத்து' போல அழுத்திச் சொல்லுங்கள். 'ஃபெலீஸ்' என்பதன் கடைசி ஒலியை லத்தீன் அமெரிக்காவில் வெறும் 'ஸ்' என்பார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனி பல்லிடுக்கில் வந்து போகும். இரண்டும் சரியே. 'அலேக்ரே' என்பதன் ரகரத்தைப் பிரெஞ்சு போலத் தொண்டையில் உரச வேண்டாம். தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்த 'ர' அப்படியே பொருந்தும்.

அளவு அல்ல, இடம்

அகராதியைத் திறந்தால் மூன்று சொல்லுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கும். அதனால் புதிதாகப் படிப்பவர்கள் தாமாகவே ஒரு ஏணி கட்டிக்கொள்கிறார்கள்: கொன்தென்தோ சின்ன மகிழ்ச்சி, அலேக்ரே நடுத்தரம், ஃபெலீஸ் பெரியது. இந்த ஏணி உதவாது. மகிழ்ச்சி எவ்வளவு என்று பார்ப்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சொல் தானே வந்துவிடும். ஒரு விஷயத்தைப் பற்றிய மகிழ்ச்சியா, முகத்திலும் பேச்சிலும் தெரியும் மகிழ்ச்சியா, வாழ்க்கையையே தொடும் மகிழ்ச்சியா?

ஒரு விஷயம் நல்லபடியாக நடந்திருக்கிறது, அதில் மனம் நிறைந்திருக்கிறது என்றால் அது கொன்தென்தோ. எச்.எஸ்.சி. ரிசல்ட் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. ஹோட்டல் அறையிலிருந்து கடல் தெரிகிறது. இந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'கொன்தென்துஸ்'. உள்ளே அடங்கியது, இதற்கு மேல் கேட்காதது என்ற பொருள் அதில் இருந்தது. இன்றைக்கும் அந்த நிறைவு வாடை போகவில்லை. தேனிலவுத் தம்பதி வரவேற்பு மேசையில் 'எஸ்தாமோஸ் முய் கொன்தென்தோஸ் கொன் எல் ஓத்தெல்' என்றால், ஹோட்டல் தங்களுக்குப் பிடித்திருக்கிறது, குறையொன்றுமில்லை என்கிறார்கள். அதே தம்பதி கைகோத்துக்கொண்டு 'எஸ்தாமோஸ் ஃபெலீசெஸ்' என்றால் அது ஹோட்டலைப் பற்றியது அல்ல, அவர்களைப் பற்றியது.

அலேக்ரே என்பது வெளியே தெரியும் மகிழ்ச்சி. துடிப்பு, சுறுசுறுப்பு என்ற பொருளுள்ள 'அலாசெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இசையில் வேகமான நடையைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'அல்லெக்ரோ' இதற்கு உடன்பிறப்பு. சிரிப்பு, பாட்டு, கலகலப்பு எல்லாம் இதில் அடங்கும். வெளியே தெரிவதைச் சொல்லும் சொல் என்பதால் மனிதர்களோடு நிற்காது. பளிச்சென்ற மஞ்சள் நிறம் அலேக்ரே. கேட்டவுடன் தாளம் போட வைக்கும் பாட்டு அலேக்ரே. ஜன்னலெல்லாம் திறந்து வெளிச்சம் கொட்டும் வீடும் அலேக்ரேதான்.

ஃபெலீஸ் வாழ்க்கையோடு ஒட்டியது. இதன் லத்தீன் மூலமான 'ஃபெலிக்ஸ்' என்பதற்கு வளமான, பலன் தருகிற, பாக்கியமுள்ள என்ற பொருள்கள் இருந்தன. மங்களம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வாசனை கொஞ்சம் இதற்கும் உண்டு. ஒரு கதைக்கு 'ஃபினால் ஃபெலீஸ்' இருக்கலாம், அதாவது சுபமான முடிவு. 'ஒரு ஃபெலீஸ் யோசனை' என்றால் சமயத்துக்குப் பொருத்தமாக உதித்த யோசனை. ஆனால் கதையோ யோசனையோ பாட்டோ ஒருபோதும் கொன்தென்தோ ஆகாது. திருப்திப்பட மனம் வேண்டும். அந்தச் சொல் மனிதர்களுக்கும், மிஞ்சிப்போனால் வாலாட்டும் நாய்க்கும்தான். சொல் தேர்வில் சந்தேகம் வரும்போது இந்தச் சோதனை எனக்குப் பிடித்தது: உயிரில்லாத பொருளுக்கு அருகில் வைத்துப் பாருங்கள்.

மூன்றும் தனித்தனி என்பதற்கு நல்ல சாட்சி, ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போகலாம் என்பதுதான். கல்யாண வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் வாடிப்போகிற மாமா ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவரைப் பற்றி 'எஸ் அலேக்ரே, பேரோ நோ எஸ் ஃபெலீஸ்' என்று ஸ்பானிஷில் சொல்லலாம். கலகலப்பானவர், ஆனால் வாழ்க்கையில் மகிழ்ச்சி இல்லை. அதேபோல, 'வேலையில் கொன்தென்தா, ஆனால் ஃபெலீஸ் இல்லை' என்று ஒரு பெண் சொன்னால், சம்பளமும் மேலாளரும் சரி, மனசு சரியில்லை என்று அர்த்தம். ஏணியாக இருந்தால் இப்படியெல்லாம் சொல்ல முடியாது.

சேர், எஸ்தார்: இங்கே தமிழ் கைகொடுக்கும்

ஒருவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லப் பிரெஞ்சுக்கு 'எத்ர்' என்ற ஒரே வினை. கிரியோலுக்கோ பல இடங்களில் அதுகூட வேண்டாம், 'மோ கொன்தான்' என்றால் முடிந்தது. ஸ்பானிஷில் இரண்டு வினைகள்: 'சேர்', 'எஸ்தார்'. சோய், எஸ், சோமோஸ் எல்லாம் சேரின் உருவங்கள்; எஸ்தோய், எஸ்தா, எஸ்தாமோஸ் எல்லாம் எஸ்தாரின் உருவங்கள். பாடப்புத்தகங்கள் முதலாவது நிரந்தரம், இரண்டாவது தற்காலிகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பாதி உண்மை.

தமிழில் யோசியுங்கள். 'அவள் கலகலப்பானவள்' என்பதும் 'அவள் கலகலப்பாக இருக்கிறாள்' என்பதும் ஒன்றா? முதலாவது அவள் எப்படிப்பட்டவள் என்கிறது. இரண்டாவது இப்போது எந்த நிலையில் இருக்கிறாள் என்கிறது. அமைதியானவர், அமைதியாக இருக்கிறார். கோபக்காரர், கோபமாக இருக்கிறார். இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தமிழ் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருக்கிறது. 'ஆனவர், ஆனவள்' என்று முடியும் இடத்தில் சேர், 'ஆக இருக்கிறார்' என்று வரும் இடத்தில் எஸ்தார். 'எஸ் அலேக்ரே' என்றால் கலகலப்பானவள். 'எஸ்தா அலேக்ரே' என்றால் இன்று கலகலப்பாக இருக்கிறாள். எஸ்தார், நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால் மறக்காது. ஒரு நிலையில் நின்றுகொண்டிருப்பதுதான் அது.

'எஸ்தா அலேக்ரே' என்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது. மாலை விருந்தில் ரம் கோப்பை இரண்டு சுற்று வந்த பிறகு யாரையாவது காட்டி 'கொஞ்சம் அலேக்ரே' என்றால், அவருக்கு லேசாக ஏறிவிட்டது என்று பொருள். ஆகவே உங்கள் மேலதிகாரியைப் பற்றி இந்த வாக்கியத்தைச் சொல்லுமுன் நேரம் காலம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொன்தென்தோவுக்குச் சட்டம் எளிது: எஸ்தார் மட்டும். தமிழிலும் 'நான் திருப்தியாக இருக்கிறேன்' என்போம். 'நான் திருப்தியானவன்' என்றால் யாரோ மொழிபெயர்த்தது போலிருக்கும். இதனால்தான் 'சோய் கொன்தென்தோ' இடறுகிறது.

ஃபெலீஸ் விஷயத்தில் மட்டும் தமிழ் கையை விட்டுவிடும். நாம் எல்லாவற்றுக்கும் 'மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்றே சொல்கிறோம். ஸ்பானிஷில் 'சோய் ஃபெலீஸ்' என்றால் என் வாழ்க்கை நன்றாக இருக்கிறது, குறையில்லை என்று வாழ்க்கைக் கணக்கையே சொல்வது. 'எஸ்தோய் ஃபெலீஸ்' என்றால் இந்த நேரத்தில், இந்தச் செய்தியால் மனம் துள்ளுகிறது. தாலி கட்டிய அன்று மணப்பெண் 'எஸ்தோய் ஃபெலீஸ்' என்பாள். பிள்ளைகளெல்லாம் வளர்ந்த பிறகு யாராவது கேட்டால் 'சோமோஸ் ஃபெலீசெஸ்' என்று கணவனும் மனைவியும் சேர்ந்து சொல்வார்கள், சொன்னால் நல்லது. லத்தீன் அமெரிக்காவில் 'எஸ்தோய் ஃபெலீஸ்' இன்னும் தாராளமாகப் புழங்கும். பஸ் நேரத்துக்கு வந்ததற்கெல்லாம்கூடச் சொல்வார்கள். ஸ்பெயினில் அந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்குக் கொன்தென்தோ பக்கம் சாய்வு அதிகம்.

பால், எண் வேறுபாடு சீக்கிரம் முடிந்துவிடும் விஷயம். ஆண் சொன்னால் கொன்தென்தோ, பெண் சொன்னால் கொன்தென்தா, பலர் என்றால் கொன்தென்தோஸ், எல்லோரும் பெண்கள் என்றால் கொன்தென்தாஸ். ஃபெலீஸும் அலேக்ரேயும் ஆண் பெண் பார்ப்பதில்லை. பன்மையில் ஃபெலீசெஸ், அலேக்ரேஸ்.

கிரியோல் வைக்கும் கண்ணி

நம் தீவுக்காரர்கள் மட்டுமே விழக்கூடிய குழி ஒன்று உண்டு. கிரியோலில் 'கொன்தான்' என்பது மகிழ்ச்சியையும் சொல்லும், விருப்பத்தையும் சொல்லும், காதலையும் சொல்லும். 'மோ ப்யேன் கொன்தான்' என்றால் எனக்கு ரொம்ப சந்தோஷம். 'மோ கொன்தான் மான்ஸ் பிரியாணி' என்றால் பிரியாணி சாப்பிடப் பிடிக்கும். 'மோ கொன்தான் த்வா' என்றால் உன்னை நேசிக்கிறேன்.

இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் ஸ்பானிஷ் கொன்தென்தோவுக்குப் போகும். யாரிடமாவது மனதைத் திறந்து 'எஸ்தோய் கொன்தென்தோ கொன்தீகோ' என்று சொன்னால், 'உன்னிடம் எனக்குக் குறையில்லை' என்று வாத்தியார் மாணவனிடம் சொல்வது போல இருக்கும். காதலுக்கு வேறு வாக்கியம் இருக்கிறது: 'தே கியேரோ'. பிரியாணிக்கு 'மே குஸ்தா', ரொம்பவே பிடிக்கும் என்றால் 'மே என்கன்தா'.

சொல்லோடு ஒட்டும் இடைச்சொல்லையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சில் 'கொன்தான் த' என்று பழகியதால் ஸ்பானிஷிலும் எங்கும் 'தே' போடத் தோன்றும். அறை, வேலை, மருமகள் என்று ஒன்றைப் பற்றிய திருப்திக்கு 'கொன்' போடுவதே பேச்சில் அதிகம்: 'கொன்தென்தா கொன் லா அபித்தாசியோன்', அறையில் எனக்குத் திருப்தி. ஒரு செயலைச் சொல்லும்போது 'தே': 'கொன்தென்தா தே எஸ்தார் அக்கீ', இங்கே இருப்பதில் மகிழ்ச்சி. இன்னொருவர் பொருட்டு மகிழ்ந்தால் 'போர்': 'எஸ்தோய் கொன்தென்தா போர் தீ', உன்னை நினைத்து எனக்கு மகிழ்ச்சி.

மே அலேக்ரோ

பெயரடைகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அன்றாடப் பேச்சில் மகிழ்ச்சி பாதி நேரம் வினையாகத்தான் வெளிவருகிறது. ஒருவர் நல்ல செய்தி சொல்கிறார். நீங்கள் உடனே பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஃபெலீஸா கொன்தென்தோவா என்று யோசிக்கவே வேண்டாம். 'மே அலேக்ரோ!' போதும். இன்னும் அழுத்த வேண்டுமா, 'குவான்தோ மே அலேக்ரோ!' உங்களுக்காக மகிழ்கிறேன் என்றால் 'மே அலேக்ரோ போர் தீ'. பார்த்ததில் மகிழ்ச்சி என்றால் 'மே அலேக்ரோ தே பேர்தே'. ஆரம்பநிலையில் இருப்பவர் ஒரே ஒரு உருவத்தை மனப்பாடம் செய்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். அலேக்ரேயிலிருந்து பிறந்த வினை என்றாலும் இதற்குக் கலகலப்பு தேவையில்லை, அமைதியாகவும் சொல்லலாம்.

இதற்கு 'மே அலேக்ரா' என்று இன்னொரு முகமும் உண்டு. 'மே அலேக்ரோ' என்றால் நான் மகிழ்கிறேன். 'மே அலேக்ரா' என்றால் அது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியம் தமிழனுக்குப் புதிதா என்ன! எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது, எனக்குச் சந்தோஷம் என்று நாள் முழுவதும் நாம் பேசுவது இப்படித்தான். ஸ்பானிஷின் 'மே அலேக்ரா', 'மே என்கன்தா', 'மே ஆசே ஃபெலீஸ்', 'மே தா அலெக்ரீயா' எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதைத் தலைகீழ் வாக்கியம் என்று முணுமுணுப்பார்கள். நமக்கு அது நேர் வாக்கியம்.

அப்புறம், பின்னால் ஒரு முழு வாக்கியம் வந்தால் வினை உருவம் மாறும். 'நீ நலமாக இருப்பதில் மகிழ்ச்சி' என்பதற்கு 'மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் பியேன்'. சாதாரணமாக 'எஸ்தாஸ்' என்று வர வேண்டியது 'எஸ்தேஸ்' ஆகிவிட்டது. நீ நலம் என்று நான் உனக்குத் தகவல் சொல்லவில்லை. அது உனக்கே தெரியும். அதைக் கேட்டு என் மனம் என்ன செய்கிறது என்றுதான் சொல்கிறேன். இலக்கணம் அந்த வேறுபாட்டை வினையில் காட்டுகிறது. இங்கே பிரெஞ்சைத் திரும்பக் கூப்பிடலாம், 'கொன்தான் க து சுவா' என்று பள்ளியில் படித்தோமே, அதே சங்கதி. கவனிக்க வேண்டியது 'தே' மட்டும்: 'மே அலேக்ரோ' என்றால் 'தே கே', 'மே அலேக்ரா' என்றால் வெறும் 'கே'.

மகிழ்ச்சி வந்து சேரும் கணத்தைச் சொல்ல 'பொனேர்ஸே' என்ற வினை. 'மே பூஸே முய் கொன்தென்தா', ரொம்ப சந்தோஷமாகிவிட்டது. செய்தி வந்தது, முகம் மலர்ந்தது என்று நடந்ததைக் கதையாகச் சொல்லும்போது இதுதான் இயல்பு.

ஆவல், எதிர்பார்ப்பு, தர்மசங்கடம்

அடுத்த வாரம் பயணம், இன்றைக்கே கால் தரையில் நிற்கவில்லை. நம் ஊரில் பிரெஞ்சு கலந்து 'எக்ஸிதே' என்று சொல்லிவிட்டுப் போவோம். ஸ்பானிஷில் 'எக்ஸித்தாதோ' என்று அதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அந்தச் சொல்லுக்குக் காம உணர்ச்சி என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும். வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு விருந்தினரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

பதிலாக லத்தீன் அமெரிக்காவில் 'எமொசியொனாதோ' என்பார்கள். ஸ்பெயினிலும் இந்தச் சொல் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் நெகிழ்ந்துபோவதைச் சொல்லும். மகள் மேடையேறிப் பரிசு வாங்கும்போது கண் கலங்குகிறதே, அது. பயண ஆவலுக்கு ஸ்பெயின்காரர்கள் எடுப்பது 'இலுசியோன்' என்ற சொல். 'மே ஆசே மூச்சா இலுசியோன்': எனக்கு ரொம்ப ஆவலாக இருக்கிறது, இதை நினைத்தாலே இனிக்கிறது. 'கே இலுசியோன்!' என்று ஒரே மூச்சிலும் சொல்வார்கள். பிரெஞ்சு தெரிந்த நமக்கு 'இல்யூசியோன்' என்றால் மாயை, ஏமாற்றம் என்றுதான் தோன்றும். ஸ்பானிஷிலும் அந்தப் பொருள் போய்விடவில்லை. ஆனால் ஒருவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னால், அவர் எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார், ஏமாறவில்லை. லத்தீன் அமெரிக்காவில் இந்தப் பயன்பாடு குறைவு என்பதால், அங்கிருந்து வந்தவரிடம் எமொசியொனாதோ என்று சொல்வதே வசதி.

வாழ்த்துகளில் யோசனையே வேண்டாம், ஃபெலீஸ்தான். பிறந்தநாளுக்கு 'ஃபெலீஸ் கும்ப்ளேஆன்யோஸ்', கிறிஸ்துமஸுக்கு 'ஃபெலீஸ் நவிதாத்'. பிரெஞ்சில் கிறிஸ்துமஸ் 'ழுவாயே' என்றும் புத்தாண்டு 'பொன்' என்றும் பிரிந்து கிடப்பதை மறந்துவிடலாம். சித்திரையில் உங்கள் ஸ்பானிஷ் நண்பர் உங்களுக்கு 'ஃபெலீஸ் ஆன்யோ நுவேவோ தமில்' என்று அனுப்பலாம். பதிலெழுதும்போது 'ஆன்யோ' என்பதன் நகரத்துக்கு மேல் போடும் சின்ன அலைக்கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 'ஆனோ' ஆகி, ஆண்டுக்குப் பதில் ஆசனவாயை வாழ்த்தியதாகிவிடும்.

ஃபெலீஸிலிருந்து வந்த 'ஃபெலிசிதாதேஸ்' பிறந்தநாளுக்கும் பொருந்தும், ஒருவர் எதையாவது சாதித்ததற்கும் பொருந்தும். சாதனைக்கென்றே ஸ்பெயினில் 'எனோராபுவேனா' இருக்கிறது: தேர்வில் வெற்றி, புது வேலை, குழந்தை பிறந்தது. லத்தீன் அமெரிக்காவில் 'ஃபெலிசித்தாசியோனேஸ்' என்பதும் கேட்கும். ஒருவரை முதல்முறை சந்திக்கும்போது 'என்கன்தாதோ', சொல்பவர் பெண் என்றால் 'என்கன்தாதா'. ஹோட்டலில் வேலை செய்பவர் விருந்தினரிடம் 'உங்கள் தங்கல் இனிதாகட்டும்' என்று சொல்ல, 'கே திஸ்ஃப்ரூத்தென் தே சு எஸ்தான்சியா'. இந்த வாக்கியத்தில் மகிழ்ச்சிச் சொல் எதுவுமே இல்லை, அனுபவியுங்கள் என்ற வினைதான் வேலையைச் செய்கிறது.

மீதி இருப்பவற்றில் 'ஆ குஸ்தோ' எனக்கு மிகவும் பிடித்தது. 'எஸ்தோய் ஆ குஸ்தோ' என்றால் இங்கே சௌகரியமாக, ஒட்டுதலாக, நம் வீடு மாதிரி இருக்கிறேன். துள்ளலும் இல்லை, சிரிப்பும் இல்லை, ஆனால் எழுந்து போக மனம் வராது. 'சத்திஸ்ஃபேச்சோ' வேறு வகை: காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறியும் சாப்பிட்டவர், மறுபடி சோற்றுக் கரண்டி வரும்போது கையை மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய மரியாதையான சொல் இது. போதும், வயிறு நிறைந்தது. மற்றபடி வேலை முடிவு, கணக்கு வழக்கு போன்ற இடங்களில் வரும். கொன்தென்தோவைவிடக் கொஞ்சம் விறைப்பு.

கோஸோ, தீச்சா, ஹூபிலோ மூன்றையும் எழுத்திலும் மேடையிலும் பார்க்கலாம். பேச்சில் போட்டால், கடையில் காய் வாங்கும்போது 'பேருவகை கொண்டேன்' என்பது போல இருக்கும். தீச்சாவின் பெயரடையான 'திச்சோஸோ' மட்டும் தினசரிப் பேச்சில் உண்டு, அதுவும் எரிச்சலுக்கு: திறக்க மறுக்கும் கதவை 'லா திச்சோஸா புவேர்தா' என்றால் 'இந்தப் பாழாய்ப்போன கதவு'. ஹூபிலோ என்றால் ஆரவாரமான களிப்பு. அதன் உறவுச் சொல்லான 'ஹுபிலாதோ' என்பதற்கு ஓய்வூதியர் என்று பொருள். வேலையிலிருந்து விடுபட்டவரைக் களிப்போடு சேர்த்து வைத்த அந்த மொழிக்காரர்களை என்னவென்று சொல்வது!

மரபுத்தொடர்களை ஆரம்பத்திலேயே அள்ளிக்கொள்ள வேண்டாம், காதில் விழும்போது புரிந்தால் போதும். ஸ்பெயினில் ஒருவரைக் 'கஸ்தான்யுவேலாஸ் மாதிரி இருக்கிறார்' என்றால், ஆட்டக்காரர்கள் விரலில் மாட்டித் தட்டும் அந்தச் சின்னத் தாளக்கட்டை போலத் துள்ளிக்கொண்டிருக்கிறார். 'நோ கபேர் என் சீ' என்றால் தனக்குள்ளேயே அடங்காமல் போவது. நமக்குத் தலைகால் புரியாமல் போவது.

கடைசியாக, இதுவரை பார்த்ததையெல்லாம் ஒரு குறுஞ்செய்தியில் வைத்துப் பார்ப்போம். மத்ரித்தில் இருக்கும் தோழி தனக்குக் குழந்தை பிறந்ததாக எழுதியிருக்கிறாள். பெல் மாரிலிருந்து ஒரு பெண் பதில் எழுதுகிறாள்:

'எனோராபுவேனா! மே பூஸே முய் கொன்தென்தா அல் லேயேர் து மென்சாஹே. மே அலேக்ரோ மூச்சோ தே கே தோதோ ஆயா சலீதோ பியேன். தே தெசேயோ மூச்சா ஃபெலிசிதாத்.'

குழந்தை பிறப்பு ஸ்பெயினில் எனோராபுவேனாவுக்கு உரிய செய்தி. செய்தியைப் படித்ததும் மனம் மலர்ந்தது, அதனால் 'மே பூஸே'. காரணம் குறிப்பாகத் தெரிகிற மகிழ்ச்சி, அதனால் ஃபெலீஸை விட்டுக் கொன்தென்தா. எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி என்பதற்கு 'மே அலேக்ரோ தே கே'. பின்னால் 'ஆ' என்று வர வேண்டிய வினை 'ஆயா' என்று மாறியிருப்பதைப் பாருங்கள். இனிமேல் வாழப்போகும் வாழ்க்கைக்கு வாழ்த்து, ஆகவே ஃபெலிசிதாத். அங்கே அலெக்ரீயா என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் வாழ்த்து அன்றைய நாளோடு நின்றுவிட்டது போல இருக்கும். மத்ரித்துக்குப் போகும் செய்தியில் 'மே எ புவேஸ்தோ' என்று எழுதினால் இன்னும் உள்ளூர் வாசனை அடிக்கும், இன்றைக்குத்தான் படித்தாள் என்பதால். தோழி மெக்சிகோக்காரியாக இருந்தால் 'மே பூஸே' அப்படியே இருக்கட்டும். முதல் சொல்லை மட்டும் ஃபெலிசிதாதேஸ் என்று மாற்றி அனுப்பலாம்.